கரையாத மாத்திரையைக் கரைய வைக்கும் கார்பன் டை ஆக்சைடு: இதுக்கும் சி.வி.ராமனுக்கும் என்ன சம்பந்தம்?

வலிப்பு நோய்க்கு நேரம் தவறாமல் மாத்திரை போடுகிறார் ஒருவர். ஆனாலும் வலிப்பு வந்துவிடுகிறது. மாத்திரை போலி இல்லை. காலாவதியும் ஆகவில்லை. அப்புறம் என்னதான் பிரச்சினை? மாத்திரை வயிற்றில் சரியாகக் கரையவில்லை.

இது கற்பனை இல்லை. கார்பமசெபைன் என்ற வலிப்பு மருந்தில் 1980களில் இப்படி நடந்தது. ஈரப்பதமான இடத்தில் வைத்த மாத்திரைகள் கெட்டியாகி, கரையும் தன்மையை இழந்தன. அப்படி வைத்தால் மருந்தின் பலனில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

இந்தப் பிரச்சினைக்கு விஞ்ஞானிகள் கையில் எடுத்திருக்கும் வழிகளில் ஒன்று, அழுத்தி வைத்த கார்பன் டை ஆக்சைடு. நாம் மூச்சாக வெளியே விடுகிற அதே வாயுதான். 100 வருஷத்துக்கு முன்னாடி, மருந்தைப் பற்றிய எந்த யோசனையும் இல்லாமல், அழுத்தி வைத்த கார்பன் டை ஆக்சைடுக்குள் ஒளியைச் செலுத்திப் பார்த்தவர் நம்ம திருச்சிக்காரர், சர் சி.வி.ராமன்.

நோபல் பரிசு, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம் என்பதோடு ராமன் கதையை நாம் முடித்துவிடுகிறோம். அவர் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத இந்தப் பக்கத்தைப் பார்ப்போம்.

மாத்திரை ஏன் கரைய மாட்டேங்குது?

விழுங்கிய மருந்து முதலில் குடல் நீரில் கரைய வேண்டும். பிறகுதான் ரத்தத்துக்குள் போகும். கரையாத மருந்து எவ்வளவு நல்ல மருந்தாக இருந்தாலும், வந்த வழியே வெளியே போய்விடும். சந்தையில் இருக்கும் மருந்துகளில் சுமார் 40 சதவீதம் தண்ணீரில் சரியாகக் கரையாதவை என்று பொதுவாக மதிப்பிடப்படுகிறது. புதிதாக உருவாகும் மருந்துகளில் இந்த அளவு இன்னும் அதிகம்.

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். கற்கண்டு மெதுவாகக் கரையும், சர்க்கரை சட்டென்று கரையும். இரண்டும் ஒரே பொருள். தண்ணீர் படும் பரப்புதான் வேறு.

புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கம் இருக்கும் குன்றாண்டார்கோவிலைப் பார்த்தவர்களுக்கு இன்னும் எளிதாகப் புரியும். பல்லவர் காலத்தில் குடைந்த அந்தக் குகைக்கோயில், சுமார் 1,200 வருஷ மழைக்கு அசையாமல் நிற்கிறது. முழுக் குன்றாக இருக்கும்போது மழை மேல்தோலை மட்டும்தான் நனைக்கும். அதே மாவட்டத்தின் கிரஷர்களில் பாறையை ஜல்லியாக, ஜல்லியை எம்-சாண்டாக உடைக்கிறார்கள். ஒவ்வொரு தடவை உடைக்கும்போதும் தண்ணீர் தொடக்கூடிய பரப்பு கூடிக்கொண்டே போகும்.

மருந்திலும் இதுதான் கணக்கு. ஒரு மில்லிமீட்டர் கனசதுரத் துணுக்கை ஒரு மைக்ரான் அளவுக்கு உடைத்தால் 100 கோடி துகள்கள் கிடைக்கும். மொத்த மேற்பரப்பு 1,000 மடங்கு ஆகும். கரையும் வேகம் மேற்பரப்பைப் பொறுத்தது.

அப்படின்னா மிக்ஸியில் போட்டு அரைத்தால் போதாதா? ஆலைகளில் அரைக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அரைக்கும்போது சூடாகும், சில மருந்துகள் கெட்டுப்போகும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் வேறு வழி தேட வேண்டி வந்தது.

திருவானைக்காவலில் பிறந்தவர்

1888 நவம்பர் 7-ம் தேதி திருவானைக்காவலில், தாயார் பார்வதி அம்மாளின் பிறந்த வீட்டில் பிறந்தார் ராமன். தந்தை சந்திரசேகர ஐயர். அவருக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைக்க, குடும்பம் அங்கே போனது. 11 வயதில் மெட்ரிகுலேஷன் முடித்த ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-ல் பி.ஏ., 1907-ல் எம்.ஏ. முடித்தார். 18 வயதிலேயே அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை லண்டனில் இருந்து வரும் அறிவியல் இதழில் வெளியானது.

மேல்படிப்புக்கு இங்கிலாந்து போக வேண்டியவர். ஆனால் உடம்பு மெலிந்த அந்தப் பையனால் அந்த ஊர்க் குளிரைத் தாங்க முடியாது என்று சென்னை சிவில் சர்ஜன் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் நிதித்துறைத் தேர்வு எழுதினார். அதிலும் முதலிடம். 1907-ல் லோகசுந்தரியுடன் திருமணம். அதே வருஷம் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல் வேலை.

கை நிறையச் சம்பளம், அரசு வேலை, கௌரவம். அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் இதுக்கு மேல் என்ன கேட்கும்?

ஆபீஸுக்கு முன்னும் பின்னும்

கல்கத்தா பவ்பஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் போர்டு ராமன் கண்ணில் பட்டது. 1876-ல் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் ஆரம்பித்த நிறுவனம் அது. கருவிகள் இருந்தன, இடம் இருந்தது, ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை.

காலையில் ஆபீஸுக்கு முன், மாலையில் ஆபீஸுக்குப் பின் என்று ராமன் அங்கேயே கிடந்தார். நடுவில் ரங்கூன், நாக்பூர் என்று மாற்றல் வந்தபோதும் ஆராய்ச்சியை விடவில்லை. 10 வருஷம் இப்படியே ஓடியது.

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு அழைத்தது. சம்பளம் கிட்டத்தட்ட பாதியாகக் குறையும். தெரிந்தேதான் அரசு வேலையை விட்டார்.

கடல் ஏன் நீலம்?

1921-ல் முதல் முறையாக வெளிநாடு போனார். ஆக்ஸ்ஃபோர்டில் பல்கலைக்கழகங்களின் மாநாடு. கப்பலில் மத்திய தரைக்கடலின் நீலத்தைப் பார்த்தார். வானத்தின் நீலம் தண்ணீரில் பட்டுத் தெரிவதுதான் கடலின் நீலம் என்பது அப்போதைய நம்பிக்கை. பெரிய விஞ்ஞானி ரேலி பிரபுவே அப்படித்தான் கருதினார்.

ராமன் கையில் ஒரு சின்னப் பட்டகம் இருந்தது. அதை வைத்து மேற்பரப்பில் பட்டு வரும் ஒளியை மட்டும் வெட்டிவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகத்தான் தெரிந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார்.

ஊர் திரும்பியதும் ஒரே கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. நீரில் நடப்பது மற்ற திரவங்களில் நடக்குமா? வாயுவில்? திரவமும் வாயுவும் ஒன்றாகிவிடும் நிலையில்?

சூப்பர் கிரிட்டிக்கல்னா என்ன?

பிளஸ் ஒன் வேதியியல் படித்தவர்களுக்கு நிலைமாறு வெப்பநிலை ஞாபகம் இருக்கலாம். ஒரு பொருளை அந்த வெப்பநிலைக்கு மேல் சூடாக்கிவிட்டால், எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாக மாறாது. அதற்குரிய அழுத்தத்தையும் தாண்டிவிட்டால், திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவே இருக்கும் கோடே மறைந்துவிடும். அதுதான் சூப்பர் கிரிட்டிக்கல் பாய்மம். வாயு போல எந்த இடுக்கிலும் நுழையும். திரவம் போலப் பொருட்களைக் கரைக்கும்.

பிரான்ஸில் கான்யார் டி லா டூர் 1822-லேயே இந்த நிலையைக் கவனித்தார். பெல்ஃபாஸ்டில் தாமஸ் ஆண்ட்ரூஸ் 1860களில் கார்பன் டை ஆக்சைடை வைத்து இதைத் துல்லியமாக அளந்தார். 1879-ல் ஹேனே, ஹோகார்த் என்ற இருவர், இந்த நிலையில் இருக்கும் ஆல்கஹாலில் சில உப்புகளைக் கரைத்தார்கள். அழுத்தத்தைக் குறைத்ததும் கரைந்த உப்பு பனித்தூள் போல உதிர்ந்தது. இந்தப் பனித்தூளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கார்பன் டை ஆக்சைடுக்கு இந்த எல்லை வெறும் 31 டிகிரி செல்சியஸ். அழுத்தம், வளிமண்டலத்தைப் போல சுமார் 73 மடங்கு. லாரி டயரில் இருக்கும் காற்றைவிட எட்டு, ஒன்பது மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

31 டிகிரி நம்ம ஊருக்கு ஒரு விஷயமா? புதுக்கோட்டை வெயிலில், ஆபீஸ் சுவரில் தொங்கும் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பு சிலிண்டருக்குள் பெரும்பாலும் இருப்பது இந்த சூப்பர் கிரிட்டிக்கல் நிலைதான். நாம கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

பால் போல மாறும் கண்ணாடித் திரவம்

இந்த எல்லைப் புள்ளியை நெருங்கும்போது ஒரு அதிசயம் நடக்கும். கண்ணாடி போலத் தெளிவாக இருந்த பாய்மம் திடீரென்று பால் போல மங்கும். உள்ளே சில இடங்களில் மூலக்கூறுகள் நெருங்கி, சில இடங்களில் விலகி, அடர்த்தி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் ஒளியைச் சிதறடிக்கிறது. ஸ்மோலுகோவ்ஸ்கி 1908-லும், ஐன்ஸ்டீன் 1910-லும் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

அந்தக் கணக்கைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் ராமனும் அவருடைய மாணவர் கே.ஆர்.ராமநாதனும் இறங்கினார்கள். ராமநாதன் பாலக்காடு கல்பாத்தியைச் சேர்ந்தவர். எல்லைப் புள்ளி அருகே ஒளி சிதறுவது பற்றி 1922-ல் ராமநாதன் எழுதினார். உயர் அழுத்தத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று 1923-ல் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். அந்தக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளியானது.

இதில் மருந்து எங்கே வந்தது? எங்கேயும் வரவில்லை. ஆனால் அவர்கள் துரத்திய பண்பு ஒன்றுதான். இந்த எல்லைக்கு அருகே, அழுத்தத்தைக் கொஞ்சம் மாற்றினாலே அடர்த்தி பெரிய அளவில் மாறும். 35 டிகிரியில் அழுத்தத்தை 70-ல் இருந்து 100 மடங்குக்கு ஏற்றினால், கார்பன் டை ஆக்சைடின் அடர்த்தி மூன்று மடங்குக்கு மேல் போய்விடும். ஒளி அதிகமாகச் சிதறக் காரணமும் இந்தப் பண்புதான். இன்று மருந்து விஞ்ஞானிகள் பயன்படுத்திக்கொள்வதும் இதையேதான். அடர்த்தி கூடினால் கரைக்கும் சக்தி கூடும், குறைந்தால் கரைந்தது உதிரும். ஒரு வால்வைத் திருகிக் கரைக்கும் சக்தியையே கூட்டிக் குறைக்கலாம்.

அழுக்கு என்று நினைத்தது அழுக்கு இல்லை

அதே 1923-ல் ராமநாதன் இன்னொன்றையும் கவனித்தார். தண்ணீரில் சிதறிய ஒளியில் வேறு நிறத்தின் சாயல் மங்கலாகத் தெரிந்தது. தண்ணீரில் ஏதோ அழுக்கு என்று நினைத்து, திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார்கள். சாயல் போகவே இல்லை.

அந்தச் சந்தேகம் ஐந்து வருஷம் ராமனை விடவில்லை. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ்.கிருஷ்ணன் ஆய்வில் சேர்ந்தார். வெங்கடேஸ்வரன் என்ற மாணவர் கிளிசரினில் இந்த விளைவை இன்னும் தெளிவாகக் கண்டார். 1928 பிப்ரவரி 28-ம் தேதி, அது அழுக்கு இல்லை, புது வகை ஒளிச்சிதறல் என்று உறுதியானது. சுமார் 60 திரவங்களில் பார்த்து அறிவித்தார்கள். 1930-ல் இயற்பியல் நோபல் ராமனுக்குக் கிடைத்தது.

ராமன் விளைவை எளிமையாகச் சொன்னால் இதுதான். ஒளி மூலக்கூறில் பட்டுச் சிதறும்போது பெரும்பாலும் அதே நிறத்தில் திரும்பும். சுமார் ஒரு கோடியில் ஒன்றுதான் நிறம் மாறித் திரும்பும். எவ்வளவு மாறுகிறது என்பது அந்த மூலக்கூறின் அதிர்வைப் பொறுத்தது. அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கைரேகை போலத் தனி அடையாளம் கிடைக்கிறது.

பெங்களூரில் படிகங்களோடு

1933-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அங்கே அவருக்குப் பிரச்சினைகளும் இருந்தன, அவரால் பிரச்சினைகளும் இருந்தன. கமலா சோஹோனி என்ற மாணவியை, பெண் என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்க்க மறுத்தார். அவர் விடாமல் போராடி, நிபந்தனைகளோடு சேர்ந்து, பின்னாளில் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கினார். ராமனைக் கொண்டாடும்போது இதை மறைக்க வேண்டியதில்லை. 1937-ல் ராமன் இயக்குநர் பதவியை விட்டு விலகினார். பேராசிரியராகத் தொடர்ந்தார்.

இந்தக் காலத்தில் அவர் கவனம் படிகங்கள் பக்கம் திரும்பியது. குவார்ட்ஸ் படிகத்தைச் சுமார் 573 டிகிரி வரை சூடாக்கினால் அதன் அமைப்பு மாறும். அந்த மாற்றம் நெருங்கும்போது, சிதறும் ஒளியின் ஒரு கோடு இடம் நகர்ந்து மங்குவதை 1940-ல் நெடுங்காடியுடன் சேர்ந்து காட்டினார். பொருள் அதேதான், படிக அமைப்பு மட்டும் மாறுகிறது, அதையும் ஒளி காட்டிக்கொடுக்கிறது. மருந்துத் துறைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

இன்று மருந்து எப்படித் தயாராகிறது?

ஹேனே, ஹோகார்த் பார்த்த பனித்தூளை 1980களில் ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் கையில் எடுத்தார்கள். முக்கியமாக இரண்டு வழிகள்.

முதல் வழி: மருந்தை சூப்பர் கிரிட்டிக்கல் கார்பன் டை ஆக்சைடில் கரைத்து, ஊசிமுனை போன்ற ஓட்டை வழியாகப் பீய்ச்சுவது. வெளியே வந்ததும் அழுத்தம் சட்டென்று இறங்கும். கார்பன் டை ஆக்சைடு வாயுவாகப் பறந்துவிடும். மருந்து மைக்ரான் அளவுத் தூளாக, சில சமயம் அதைவிட நுண்ணியதாக உதிரும்.

இரண்டாவது வழி: பல மருந்துகள் கார்பன் டை ஆக்சைடிலும் கரையாது. அவற்றை முதலில் வேறு கரைப்பானில் கரைத்து, அதை கார்பன் டை ஆக்சைடுக்குள் தெளிப்பார்கள். கார்பன் டை ஆக்சைடு கரைப்பானை இழுத்துக்கொள்ளும். தனியாகிப்போன மருந்து தூளாக விழும்.

இதில் அதிகச் சூடு இல்லை. கார்பன் டை ஆக்சைடு தீப்பிடிக்காது, விலை குறைவு, மருந்தில் மிச்சமும் நிற்காது. காபியில் இருந்து காஃபினை நீக்கவும், மசாலாப் பொருட்களில் இருந்து சாறு எடுக்கவும் இதே கார்பன் டை ஆக்சைடு ஏற்கெனவே ஆலைகளில் வேலை பார்க்கிறது. மருந்துகளில் கார்பமசெபைன், இபுபுரோஃபென், கிரிசியோஃபுல்வின் போன்றவற்றில் இந்த முறைகள் சோதிக்கப்பட்டிருக்கின்றன.

தூள் கிடைத்துவிட்டது. அது சரியான வடிவத்தில்தான் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

இங்கேதான் ராமன் மறுபடி வருகிறார். ஒரே மருந்து பல படிக வடிவங்களில் இருக்கலாம். ஒன்று நன்றாகக் கரையும், இன்னொன்று கரையாது. கார்பமசெபைனுக்கே பல வடிவங்கள் உண்டு. ஈரத்தை உறிஞ்சினால் நீர் கலந்த இன்னொரு வடிவமாக மாறும், அது தண்ணீரில் இன்னும் குறைவாகவே கரையும். முதலில் சொன்ன மாத்திரைகளில் சிக்கல் வந்தது இந்த ஈரத்தால்தான். ராமன் நிறமாலைக் கருவியில் வைத்தால் எந்த வடிவம் என்று மருந்தைக் கரைக்காமல், கலைக்காமல் தெரிந்துவிடும்.

இதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1998-ல் ஒரு பாடம் கிடைத்தது. ரிடோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து திடீரென்று எதிர்பாராத வேறு படிகமாக மாறத் தொடங்கியது. புது வடிவம் சரியாகக் கரையவில்லை. கேப்சூல்களைச் சந்தையில் இருந்தே திரும்பப் பெற வேண்டி வந்தது. உயிரைக் காக்கும் மருந்து, வேதிப்பொருள் மாறாமலேயே, கைவிட்டுப் போன சம்பவம் அது.

அப்படியானால் ஏன் எல்லா மாத்திரையும் இப்படி வருவதில்லை?

உயர் அழுத்தத்தைத் தாங்கும் கலன்களுக்குச் செலவு அதிகம். ஆய்வகத்தில் சில கிராம் எடுப்பது ஒன்று, ஆலையில் டன் கணக்கில் எடுப்பது வேறு. நுண்ணிய தூள் நாளாக ஆக மறுபடி படிகமாகிக் கரையும் தன்மையை இழக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் இந்த முறை ஆய்வுக் கட்டுரைகளில் பிரபலம், மருந்துக் கடைகளில் அவ்வளவாக இல்லை. ராமன் நிறமாலைக் கருவி அப்படி இல்லை. கையில் பிடிக்கும் அளவுக்குச் சிறிதாகி, மருந்து ஆலைகளில் மூலப்பொருளைப் பையைப் பிரிக்காமலே சோதிக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

கடைசி நாட்கள்

1948-ல் பெங்களூரில் தன் பெயரிலேயே ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார் ராமன். 1954-ல் பாரத ரத்னா. அதன் பிறகும் வைரம், பூக்களின் நிறம், கண் பார்வை என்று ஆராய்ச்சி ஓடிக்கொண்டே இருந்தது. 1970 அக்டோபர் கடைசியில் ஆய்வகத்தில் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் இருக்க விரும்பாமல் தன் நிறுவனத்துக்கே திரும்பினார். நவம்பர் 21-ம் தேதி, 82 வயதில், அங்கேயே காலமானார். உடல் அந்த வளாகத்திலேயே எரியூட்டப்பட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ராமன் எந்த மருந்தையும் கண்டுபிடிக்கவில்லை. சூப்பர் கிரிட்டிக்கல் முறையும் அவருடையது இல்லை. அப்படி யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். அவர் கேட்டது கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்வியைத்தான். அந்தக் கேள்வி அழுத்தி வைத்த கார்பன் டை ஆக்சைடு வழியாக ராமன் விளைவுக்கு வந்து, இன்று ஒரு மாத்திரை கரையுமா, கரையாதா என்று சொல்லும் இடத்தில் நிற்கிறது. இதனால் என்ன பயன் என்று ஆராய்ச்சியாளர்களைக் கேட்பவர்களுக்கு, சில சமயம் பதில் வர 50 வருஷத்துக்கு மேல் ஆகும்.

அதுவரைக்கும் நாம் செய்யக்கூடியது எளிது. மாத்திரையைக் குளியலறையிலோ, அடுப்பு பக்கத்திலோ வைக்காதீர்கள். போடும் நேரம் வரை அட்டையில் இருந்து பிரிக்காதீர்கள். மாத்திரை போட்டும் பலன் தெரியவில்லை என்றால் நீங்களாக அளவைக் கூட்டாமல், மருத்துவரிடம் சொல்லுங்கள்.